உஷார்! உங்கள் ஆபீஸ் ‘கிரெச்’ காகிதத்தில் மட்டும் இருக்கலாம்

கர்ப்பம் உறுதியானதும் குடும்பமே திட்டமிட உட்கார்ந்துவிடுகிறது. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, வளைகாப்பு ஏழாவது மாதமா ஒன்பதாவதா, தொட்டிலுக்கு அத்தை சீர் என்ன என்று ஒன்று விடாமல் பேசியாகிறது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் குழந்தை யார் கையில் இருக்கும் என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. கேட்டால், “ஆபீஸ்லயே கிரெச் இருக்காம், அப்போ பார்த்துக்கலாம்” என்பார்கள். “அப்போ பார்த்துக்கலாம்” என்று விட்ட பல பெண்கள் அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நீங்களோ உங்கள் மனைவியோ இப்போது விடுப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருந்தால், தேதிகளை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

சட்டம் தரும் பேறுகால விடுப்பு 26 வாரம், அதுவும் முதல் இரண்டு குழந்தைகளுக்கு. இரண்டு குழந்தைகள் இருக்கும்போது அடுத்த பிரசவம் என்றால் 12 வாரம்தான். அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீக்கம், ரத்த அழுத்தம், தினமும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்று அவதிப்படுபவர் அந்த எட்டு வாரத்தையும் முன்னாலேயே எடுத்துவிடுவது இயல்பு. அப்படி எடுத்தால் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

இப்போது இன்னொரு காகிதத்தைப் பாருங்கள். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் ‘கிரெச்’ எனப்படும் குழந்தைகள் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் காப்பகத்தில் சேர்க்கும் வயது ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. நாலு மாதத்தில் அம்மா ஆபீஸில் இருக்க வேண்டும். ஆறு மாதத்தில்தான் குழந்தை காப்பகத்துக்குள் போக முடியும். இடையில் உள்ள கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று டாக்டர் சொல்வதும் இதே இரண்டு மாதத்தைச் சேர்த்துத்தான்.

இந்த இடைவெளியை அடைக்கச் சட்டத்திலேயே சில வழிகள் இருக்கின்றன. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம் ஆகியவற்றால் வந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்று கொடுத்தால், 26 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்தபின் இருவரும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும் சட்டம் சொல்கிறது. திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளைகள் உண்டு. இந்தக் கடைசி உரிமையைப் பற்றிக் கேள்விப்படாத ஹெச்.ஆர். மேனேஜர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றை விடுப்பு முடியப்போகும் கடைசி வாரத்தில் போனில் கேட்டால் கிடைக்காது. விடுப்பு தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வைக்க வேண்டும்.

சரி, ஆபீஸ் கிரெச் கதைக்கு வருவோம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் ஒரு திருத்தம் வந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் குழந்தைகள் காப்பக வசதி வைத்திருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும், இந்தச் சலுகைகள் எல்லாவற்றையும் வேலையில் சேரும்போதே பெண் ஊழியருக்கு எழுத்திலும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. அந்த 50 பேரில் ஆண்களும் அடக்கம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. காப்பக விதி அதிலும் இருக்கிறது. கூடவே ஒரு தாராளமும் சேர்ந்திருக்கிறது. நிறுவனம் சொந்தமாகக் காப்பகம் கட்ட வேண்டாம்; அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் என்று யார் நடத்தும் பொதுக் காப்பகத்தையும் பயன்படுத்தலாம், நாலு நிறுவனங்கள் சேர்ந்தும் ஒன்று நடத்தலாம்.

ஓட்டை இருக்கும் இடம் இது: அந்தக் காப்பகத்தின் மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்று சட்டம் வாயே திறக்கவில்லை. இந்த மௌனத்தைத்தான் நிறுவனங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

“நாங்க டை-அப் வெச்சிருக்கோம்” என்று ஹெச்.ஆர். சொன்னால் முதலில் உஷாராகுங்கள். பெரும்பாலும் இதற்கு அர்த்தம், ஏதோ ஒரு டே கேர் சங்கிலி நிறுவனம் உங்கள் ஆபீஸ் ஊழியர்களுக்கு அட்மிஷன் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தரும் என்பதுதான். மாதக் கட்டணம் முழுக்க உங்கள் தலையில். சென்னையில் ஆபீஸ் சிறுசேரியில், டை-அப் காப்பகம் வேளச்சேரியில் என்றால் நாலு முறை போய்ப் பார்ப்பது எப்படி? ஒருமுறை போய்வருவதற்குள்ளேயே பாதி நாள் ஓ.எம்.ஆர். சாலையில் கரைந்துவிடும். 2018 நெறிமுறை காப்பகம் பணியிடத்திலோ, அதிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ இருப்பது நல்லது என்கிறது. தள்ளுபடிக் கூப்பனைக் காப்பக வசதி என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ‘கிரெச் அலவன்ஸ்’. மாதம் மூவாயிரமோ ஐயாயிரமோ தருகிறோம் என்பார்கள். கேட்க இனிக்கும். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். அந்தத் தொகை சி.டி.சி. என்ற மொத்தச் சம்பளக் கணக்குக்கு உள்ளேயே இருந்தால் உங்கள் சம்பளத்தின் ஒரு துண்டுக்கே புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் அலவன்ஸ் குழந்தைக்கு இரண்டு வயது ஆனதும் நிற்கும், சில இடங்களில் பில் கொடுத்தால்தான் வரும். வீட்டோடு ஆயா வைத்தவருக்குப் பில் எங்கிருந்து கிடைக்கும்?

அதே வளாகத்தில், அதே வேலையை, வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் செய்யும் பெண்களுக்கு “நீங்க எங்க ரோல்ல இல்லையே” என்ற பதில் காத்திருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வண்ண வண்ணமாகக் காப்பகம் இருக்கும். அதைத் துடைத்துப் பெருக்கும் பெண்ணின் குழந்தைக்கு அதில் இடம் இருக்காது. தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள்: 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே அங்கே பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அந்த வரி எட்ட 2017 ஆனது.

அப்பாக்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. நாலு முறை போய்ப் பார்க்கும் உரிமையைச் சட்டம் பெண்ணுக்கு மட்டுமே எழுதியிருக்கிறது. பல நிறுவனங்கள் இதையே சாக்காக்கி, காப்பகச் சலுகையைப் பெண் ஊழியருக்கு மட்டும் என்று கொள்கை வகுத்துவிடுகின்றன. மனைவி 15 பேர் வேலை செய்யும் சின்ன ஆடிட்டர் ஆபீஸில், கணவர் ஐயாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியில் என்றால், அந்த வீட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் உதவி கிடையாது. கணவர்கள் கேட்க வேண்டும். ஹெச்.ஆர். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கட்டணம் எவ்வளவு என்றால், சென்னையில் நல்ல டே கேர் ஒன்றில் முழுநாள் பராமரிப்புக்கு மாதம் பத்தாயிரத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம். அட்மிஷன் கட்டணம், டெபாசிட், ஆண்டுக் கட்டணம் எல்லாம் தனி. சாயங்காலம் ஆறரைக்கு மேல் போனால் அரை மணிக்கு இவ்வளவு என்று லேட் ஃபீஸ் தனி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அது சரியான விதிதான், ஆனால் அந்த நாட்களுக்கும் கட்டணம் ஓடும். உங்கள் லீவும் கரையும். முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் எத்தனை முறை வரும் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

வருமான வரியில் ஏதாவது கழியுமா என்று ஆசைப்பட்டால், அங்கேயும் கவனம். பழைய வரி முறையில் ப்ளே ஸ்கூல், ப்ரீ-நர்சரி கல்விக் கட்டணத்தைக் கழிவாகக் காட்டலாம். டே கேர் கட்டணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே பில்லில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பிரித்து எழுதி வாங்குங்கள். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இரண்டுமே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜைக்கு வரும். அன்றைக்குத்தான் அதிகபட்ச உஷார் தேவை. மனைவியின் கைக்கு வரும் சம்பளம் 36 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். டே கேர் 12 ஆயிரம், ஆட்டோ 3 ஆயிரம், அவருடைய போக்குவரத்து, மதியச் சாப்பாடு எல்லாம் போக மிச்சம் 15 ஆயிரம். “இந்தப் பதினஞ்சாயிரத்துக்கா பச்சப் புள்ளைய யாரோ ஒருத்தி கையில விட்டுட்டுப் போற?” என்று மாமியார் கேட்பார். கணக்கு சரி மாதிரியே தெரியும்.

முதல் தப்பு, செலவு முழுவதையும் அம்மாவின் சம்பளத்தில் கழித்தது. பிள்ளை இருவருக்கும்தான். கணவரின் 60 ஆயிரத்தையும் சேர்த்து 96 ஆயிரத்தில் கழித்தால் காட்சியே மாறும். அடுத்தது, கைக்கு வராத பணத்தை யாரும் எண்ணவில்லை. அவருடைய அடிப்படைச் சம்பளம் 20 ஆயிரம் என்றால், அதற்கு முழுமையாகப் பி.எஃப். பிடிக்கும் நிறுவனத்தில் அவர் பங்கு 2,400, நிறுவனம் போடுவது 2,400, ஆக மாதம் 4,800 ரூபாய் சேர்ந்துகொண்டிருக்கிறது. நிரந்தர ஊழியராக ஐந்து வருடச் சேவையை முடித்தால் கிராஜுவிட்டி உண்டு: ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம், இந்த உதாரணத்தில் 57 ஆயிரத்துச் சொச்சம். நாலு வருடம் முடித்து நிற்பவர் இப்போது ராஜினாமா செய்தால் அது போயிற்று. பேறுகால விடுப்பின் 26 வாரமும் அந்த ஐந்து வருடத்தில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரியாது. பி.எஃப். ஓய்வூதியத்துக்கோ பத்து வருடச் சேவை வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு காகிதத்தில் தெரியாது. டே கேர் செலவு மூன்று வருடத்தில் குறைந்துவிடும், பள்ளிக்கூடம் வந்துவிடும். வேலையில் விழுந்த மூன்று வருட இடைவெளி அதற்குப் பிறகும் தொடரும். ஆண், பெண் சம்பள வித்தியாசம் பெரிதாக விரிவது முதல் குழந்தை பிறந்தபின்தான் என்று ஆய்ந்து காட்டியதற்காகவும்தான் கிளாடியா கோல்டினுக்கு 2023இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நோபல் வாங்காமலேயே நம் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருக்கும் பெண்கள் ஏராளம், பழைய ஐ.டி. கார்டை பீரோவில் வைத்திருப்பவர்கள்.

“எதுக்கு டே கேர், ஊர்லேர்ந்து அம்மாவ வரச் சொல்லிடலாம்” என்று சுலபமாக முடிப்பவர்களுக்கும் ஒரு சொல். அறுபது வயதில் முட்டி வலியோடு, பிரஷர் மாத்திரையோடு, தனக்குத் தெரிந்த முகமே இல்லாத ஒரு அப்பார்ட்மென்டின் ஏழாவது மாடியில் தினமும் பத்து மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது சும்மா கிடைக்கும் சேவை அன்று. ஊரில் அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பாட்டி கையில் வளரும் பிள்ளை பாக்கியசாலிதான். ஆனால் பாட்டி படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடு இல்லாத திட்டம் திட்டமே இல்லை.

காப்பகம்தான் என்று முடிவு செய்தால், கட்டணத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள், உதவிக்கு இன்னொருவர் என்பது 2018 நெறிமுறை. சாதாரணமாகக் காலை பத்து மணிக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆயாக்கள் மாறும் நேரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுத்தால் அட்மிஷன் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள். 2016இல் நவி மும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்ததும், 2025 ஆகஸ்டில் நொய்டாவில் 15 மாதக் குழந்தைக்கு அதேபோல் நடந்ததும் சி.சி.டி.வி. பதிவில்தான் வெளியே வந்தன. கேமரா அங்கே இருந்தும் கொடுமை நடந்தது என்பதையும் மறக்காதீர்கள். பதிவைப் பெற்றோர் எப்போது கேட்டாலும் காட்டுவார்களா என்று முன்பே எழுதி வாங்குங்கள். ஆயாக்களுக்குக் காவல்துறை சரிபார்ப்பு நடந்ததா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மாடியையும் பாருங்கள். நெறிமுறை தரைத்தளத்தையே பரிந்துரைக்கிறது. பல டே கேர்கள் வாடகை குறைவு என்று இரண்டாவது மாடியில், ஒரே ஒரு குறுகலான படிக்கட்டோடு நடக்கின்றன. நடக்கத் தெரியாத பத்துக் குழந்தைகளை இரண்டு ஆயாக்கள் எப்படி இறக்குவார்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த மாநிலம் இது. இரண்டாவது வாசல் எங்கே என்று கேட்பதில் தப்பே இல்லை.

இதுவரை சொன்னது ஆபீஸ்காரர்கள் கதை. திருப்பூர் பனியன் கம்பெனியிலும், ஆம்பூர் ஷூ கம்பெனியிலும், ஸ்ரீபெரும்புதூர் செல்போன் ஆலையிலும் நிற்கும் பெண்களுக்கு ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நாட்டில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தாலே குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. புதிய சட்டத்தொகுப்புகளில் கணக்கு மொத்தம் 50 பேர் என்று மாறியிருக்கிறது. 35 பெண்களும் 10 ஆண்களும் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட் பழைய சட்டத்தில் பிடிபடும், புதியதில் தப்பிவிடும். பெரிய ஆலைகளுக்கு வலை இறுகியது போலத் தெரிந்தாலும், இந்த மாதிரி யூனிட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இருந்த அறையும் போய்விடக்கூடும்.

அரசு தரும் மாற்று என்ன? தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. நாட்டுக்கே முன்னுதாரணம் என்று பேர் வாங்கியவை. ஆனால் பிள்ளைகளை இரண்டு வயதில்தான் அங்கே உட்கார வைக்க முடியும். ஷிஃப்ட் முடியும்வரை அவை திறந்திருக்காது. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கென்றே மத்திய அரசு நடத்திய தேசியக் காப்பகத் திட்டத்தின் நேரம் நாளுக்கு ஏழரை மணி. 2022இல் அது ‘பால்னா’ என்று பெயர் மாறி, அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்க்கும் திட்டமாகியிருக்கிறது. உங்கள் பகுதி அங்கன்வாடியில் அது உண்டா என்று வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட், போக வர இரண்டு மணி நேரம் என்று பத்து மணி நேரம் வெளியே இருக்கும் தாய்க்கு ஏழரை மணி நேரக் காப்பகம் இரண்டரை மணி நேரம் குறைவு. அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் எட்டு வயது அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

நிறுவனங்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: “எல்லாச் செலவையும் எங்க தலையில கட்டினா பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்போம்.” இதில் பாதி உண்மை. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21 ஆயிரம் வரை உள்ளவர்களுக்கு, பேறுகாலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது. அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு முழுச் செலவும் முதலாளியுடையது. அரசு ஒரு பங்கு ஏற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த வாதம் விடுப்புச் சம்பளத்தைப் பற்றியது. காப்பக விதியில் ஐம்பது பேர் கணக்கு ஆணையும் சேர்த்துத்தான். பெண்ணை எடுக்காமல் விட்டால் கடமை குறையாது. நாலு கம்பெனி சேர்ந்து நடத்தலாம் என்று வழியும் விட்டாயிற்று. இனி இந்தச் சமாதானத்தை நம்ப வேண்டியதில்லை.

ஆகவே, விடுப்பு தொடங்கக் குறைந்தது இரண்டு மாதம் இருக்கும்போதே ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். காப்பகம் எங்கே இருக்கிறது, ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரம், எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள், எத்தனை மணி வரை திறந்திருக்கும், மாதக் கட்டணத்தில் நிறுவனம் எவ்வளவு கட்டும், அது சி.டி.சி.க்கு வெளியேயா உள்ளேயா, அப்பாவான ஊழியருக்கும் உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்த ஊழியராக இருந்தால் ஒப்பந்த நிறுவனத்துக்கும் முதன்மை நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலைப் போடுங்கள். நகலைச் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள். வேலை போனால் ஆபீஸ் மெயிலும் போய்விடும். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வதோ, பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதோ சட்டவிரோதம். அப்படி நடந்தாலோ பதிலே வராவிட்டாலோ தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் அணுகலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அதே நிலையில் உள்ள நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஆண்களும் போடட்டும்.

அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை, உங்கள் நிறுவனத்தில் காப்பகம் இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.